பள்ளிவாசலும் பள்ளிக்கூட வாசலும்

 



ஒரு வெள்ளிக்கிழமை, நம் பேகம்பூர் பெரிய பள்ளியில் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி நம்மருகே வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், மக படிக்கிற பள்ளிக்கூடத்திலேருந்து குடுத்து விட்டிருக்காங்க. என்னை வரச் சொல்றாங்க. என்ன தப்புப் பண்ணுச்சோ தெரியலை. நீங்க ஒரு போன் போட்டு எச்.எம். கிட்ட நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தோம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு மாணவிகளின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. பெற்றோர் நேரில் வந்து பிள்ளையின் பெயர், பிறந்த தேதி முதலியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான்! இதற்காக அந்த மனிதர் நான்கு நாட்கள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறார். ஒரு தவறும் செய்யாத மகளை நான்கு நாட்களாக அதட்டியும் இருக்கிறார்.

"போன் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் நீங்களே போங்கள்" என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. "நான் போயி என்னத்த ஹஜ்ரத் பேசுறது?" என்றார்.

அந்தக் கேள்விதான் நம்மை இதனை எழுத வைத்தது.

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் தொழும் இடத்தையும் பள்ளி என்கிறோம்; பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் பள்ளி என்கிறோம். ஒரு பள்ளியின் வாசலை நாள்தோறும் ஐந்து வேளை மிதிக்கிறோம். மற்றொரு பள்ளியின் வாசலையோ, பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு தடவையும், டி.சி. வாங்கும்போது ஒரு தடவையும் மிதிக்கிறோம். இடையில் மிதித்தால் அது சண்டைக்காகத்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கில் நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் நம் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவர்களோடு நமக்குள்ள பழக்கம் இவ்வளவுதான்!

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே. உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதைக் கேட்காத முஸ்லிம் இல்லை. மேய்ப்பன் தன் ஆட்டைப் பிறர் பட்டியில் அடைத்தால், மாலையில் வந்து ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்க மாட்டானா? மக்தபில் ஓதும் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் உஸ்தாத் தெருவிலேயே நம்மைப் பிடித்துக் கேட்டுவிடுவார். உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நம் தெருவில் குடியிருப்பவர் அல்லர். ஆகவே நாம்தான் நடந்து போகவேண்டும்.

போவதற்குத் தடையாக இருப்பவை இரண்டு. ஒன்று அச்சம். மற்றொன்று கோபம். அந்தச் சகோதரருக்கு அச்சம், நமக்குக் கோபம். நம் கதையைப் பின்னர் சொல்கிறோம்.

அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகாரமுடைய ஒருவர் முன்னே போய்ப் பேசுவதற்குத் திருமறையில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைவிடப் பெரிய பாடம் ஏது? ஃபிர்அவ்னிடம் போகுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, மூஸா (அலை) அவர்கள் தம் குறையை மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தருமாறும், நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடுமாறும் இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள். அல்லாஹ்வும் கொடுத்தான். பேச வராது என்பதற்காக, நீர் வீட்டிலேயே இரும் என்று சொல்லிவிடவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஹாரூனை மட்டும் அனுப்பிவிடவும் இல்லை. இருவரும் போனார்கள்.

இதில் நமக்கு வேண்டியது இருக்கிறது. படிப்பில்லையே, ஆங்கிலம் தெரியாதே என்று கூசுகிறவர், படித்த தம்பியையோ, மச்சானையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால், போகவேண்டியவர் அத்தாவும் அம்மாவும்தான். துணைக்கு வந்தவர் விளக்கிச் சொல்வார், பொறுப்பு பெற்றோருடையது. நம்மைப் போன் போடச் சொன்ன அந்தச் சகோதரர் ஹாரூனைக் கேட்கவில்லை. தமக்குப் பதில் ஆள் கேட்டார்.

நிற்க. ஃபிர்அவ்னிடம் எப்படிப் பேசவேண்டும் என்றும் அல்லாஹ் கற்றுக்கொடுத்தான். மென்மையாகப் பேசும்படி தாஹா அத்தியாயத்தில் கட்டளை வருகிறது. தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொண்டவனிடம் மென்மையாம்! நம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற ஆசிரியரிடம் எத்துணை மென்மை வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் கதை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நம் மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, வகுப்பாசிரியர் தன்னை எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டார், இனி ஜும்ஆவுக்கு அனுப்ப முடியாது என்கிறார் என்றான். ஜும்ஆவுக்குத் தடையா! நமக்கு இரத்தம் கொதித்தது. அப்படியே கிளம்பிப் போனோம். தாழ்வாரத்திலேயே குரல் உயர்ந்துவிட்டது. மார்க்கத்தில் கை வைக்க நீங்கள் யார் என்றெல்லாம் கேட்டோம். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்தார். "உள்ளே வாங்க பாய், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாம் உட்காரவில்லை. அவர் பதில் ஒன்றும் பேசாமல் வருகைப் பதிவேட்டை வரவழைத்து நம் முன்னே திருப்பி வைத்தார்.

ஆறு வெள்ளிக்கிழமைகள்! ஆறிலும் நம் மகன் ஜும்ஆவுக்கு என்று அனுமதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஆறிலும் பிற்பகல் வகுப்புக்குத் திரும்பவில்லை. அவன் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆறு வெள்ளிக்கிழமைகளிலும் நாம் ஜும்ஆவில் பயான் செய்திருக்கிறோம். ஸஃப்பில் நம் மகன் இல்லை என்பதை நாம் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேடு கவனித்திருக்கிறது.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவீர்கள் என்ற பொருளில் ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓர் ஆயத் உண்டு. அதை எத்தனையோ மேடைகளில் விளக்கியவர்கள்தாம் நாம். பிள்ளையைத் தீயவன் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. பிள்ளை பொய்யன் என்று கருதிக்கொண்டும் போகவேண்டாம். அவன் சொல்வது பாதிக் கதையாக இருக்கலாம் என்று கருதினாலே போதும். அன்று நாம் கேட்டிருக்க வேண்டியது, "ஐயா, என் மகன் இப்படிச் சொல்கிறான். நடந்தது என்ன?" என்ற ஒரு வாக்கியம்தான்.

புறப்படும்போது அந்தத் தலைமையாசிரியர், "பையனை அடிச்சிராதீங்க பாய், பேசிப் பாருங்க" என்றார். மாற்று மதத்தவர். நாம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த நாள் மகனையும் அழைத்துப் போய் வகுப்பாசிரியரிடமும் கேட்டோம். அதன் பிறகு மாதம் ஒரு தடவை ஒன்றுமில்லாவிட்டாலும் போய் ஸலாமுக்குப் பதில் ஒரு வணக்கம் சொல்லி, "பையன் எப்படி இருக்கான் சார்?" என்று கேட்டுவிட்டு வரும் வழக்கம் ஏற்பட்டது. பிரச்சினை இல்லாத நாளில் போய்ப் பழகியவனுக்குப் பிரச்சினை வரும் நாளில் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இருப்பதில்லை.

எல்லாச் சமயத்திலும் பள்ளிக்கூடத்தார்தாம் சரி, பெற்றோர்தாம் தவறு என்று நாம் சொல்வதாக எண்ணவேண்டாம். அநீதி நடப்பதும் உண்டு. அப்போது வாய்மூடி இருப்பதும் அமானிதத்துக்குத் துரோகம்தான். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் படித்த காலம். தலையில் தொப்பியோடு முன் வரிசையில், கோயில் தலைமைக் குருக்களின் மகன் ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்காருவது அவர் வழக்கம். புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு சிறுவர்களும் மனம் நொந்து வீட்டில் போய்ச் சொன்னார்கள். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை வரவழைத்தார். பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை நஞ்சை விதைக்கக் கூடாது என்று பிள்ளைகளின் முன்னிலையிலேயே கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறியும் விட்டார். 1999-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் கலாம் அவர்களே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

லட்சுமண சாஸ்திரிகளின் மகனுக்கு அன்று ஒரு குறையும் நேரவில்லை. அவன் முன் வரிசையில்தான் இருந்தான். பின்னே தள்ளப்பட்டது பிறர் வீட்டுப் பிள்ளை. ஆயினும் பேசியவர் அவர்தாம். அவரும் கலாமின் தந்தை ஜைனுலாபுதீன் அவர்களும் நெடுநாள் நண்பர்கள். வம்பு வந்த பிறகு தேடிப் பிடித்த நட்பல்ல அது. ஆசிரியரை வீட்டுக்கு வரவழைத்துக் கண்டிக்கும் செல்வாக்கு நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. இருந்தாலும் அந்த வழியை எல்லாச் சமயத்திலும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அநீதி நேர்ந்தால் நாமும் கூடப் போய் நிற்கலாமே! அந்தப் பிள்ளை எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன?

செல்வாக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மகன் மதில் ஏறிக் குதித்துப் பிடிபட்டான், தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்டான் என்றால், சிலர் தலைமையாசிரியரிடம் போவதற்கு முன் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். மக்ஜூம் கோத்திரத்துப் பெண்ணொருத்தி திருடிவிட்டபோது, குலத்தின் மதிப்புக் கருதி உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளம் நேசித்தவர் உஸாமா. அவருடைய சிபாரிசையே அண்ணலார் ஏற்கவில்லை. தம் அருமை மகளாகவே இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று அறிவித்துவிட்டார்கள். நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்லும் ஆயத்தும் நிஸா அத்தியாயத்தில் உண்டு. தப்பு நம் பிள்ளையுடையது என்றால், அந்த அறையில் அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர் நாம்தான்.

சகோதரிகளே! உங்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போவது ஆம்பளை வேலை என்று ஒதுங்காதீர்கள். பத்து வயது மகன் அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுபோய் ஒப்படைத்தவர் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள். தம் கணவர் செய்த அநீதியைப் பற்றி அண்ணலாரிடமே வந்து முறையிட்ட கவ்லா (ரலி) அவர்களின் சொல்லை அல்லாஹ் செவியேற்றான்; ஒரு அத்தியாயத்தின் தொடக்கமே அதுதான். பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் போகும் வழியில் முதியவரான கவ்லா (ரலி) அவர்கள் நிறுத்திப் பேசினார்கள். அமீருல் மூமினீன் நின்று, பேசி முடிக்கும் வரை கேட்டார்கள். முறையிட வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அதிகாரத்தில் இருப்போர் படிக்கவேண்டிய பாடம் அது. இதைத் தலைமையாசிரியர்கள் யாரேனும் வாசித்தால் நமக்கு மகிழ்ச்சியே.

இன்று சட்டமும் தாய்மார்களுக்கு இடம் வைத்திருக்கிறது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் பொறுப்பைத் தாய்மார்களுக்கே கொடுத்தார்கள். கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலைக் குறித்தார்கள். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று நம்மவர் சிலர் முகம் சுளித்தார்கள். கூட்டம் மூன்று மணிக்கு. ஜும்ஆ முடிந்து, வீட்டில் சோறு தின்றுவிட்டே போகலாமே!

இனி, அந்தத் துண்டுக் காகிதத்துக்கு வருவோம். பெயரைச் சரிபார்ப்பது சிறு விஷயமாகத் தோன்றும். நம் சமூகத்தில் அது சிறிதன்று. பிறப்புச் சான்றில் முஹம்மது, ஆதாரில் முகமது, பள்ளிப் பதிவேட்டில் சுருக்கி எம்.டி. என்று மூன்று விதமாக ஒரே பையன் எழுதப்பட்டிருப்பான். பாத்திமா பீவி ஓரிடத்தில் பாத்திமா பேகமாக இருப்பாள். அப்துல் காதரைப் பிளந்து, 'அ'வைத் தலைப்பெழுத்தாக்கி, காதரை மட்டும் பெயராக வைத்திருப்பார்கள். தந்தையின் தலைப்பெழுத்து காணாமலே போயிருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரையும் பிறந்த தேதியையும் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது, கல்லூரியில் சேரும்போது, நாளை ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும்போது அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வகுப்புப் பிரிவும் அப்படியே. 2007-இல் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கென்று 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கியது. அதைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியலில் இருப்பவை லெப்பை, தக்கணி, ஷேக், சையத் முதலிய பெயர்கள். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடங்குவர். பள்ளிப் பதிவேட்டில் வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதிவிட்டு வந்தால் பின்னால் வீண் அலைச்சல். சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு 2008 முதல் கொடுத்துவந்த உதவித்தொகையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களை 2022 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். அச்செய்தியும் விண்ணப்பிக்கும் கடைசித் தேதியும் பள்ளி அலுவலகத்துக்கு வரும். அந்தப் பக்கம் போகாதவர் வீட்டுக்கு வருமா?

திருமறையின் மிக நீண்ட ஆயத், கடனை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்பது அதன் கருத்து. பள்ளியில் ஒரு கோரிக்கை வைத்தாலும், குறை சொன்னாலும், தேதியிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பெண் பிள்ளை முக்காடிட்டு வருவது பற்றியும், பையன் ஜும்ஆவுக்கு வருவது பற்றியும் சேர்க்கும் அன்றே பணிவாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் உடுப்பியில் எழுந்த ஹிஜாப் விவகாரம் 2022-இல் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்த வரலாறு அறிவீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும். பிள்ளையின் படிப்பு ஆண்டு யாருக்காகவும் காத்திருக்காது.

அந்தச் சகோதரர் திங்கட்கிழமை போனார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடத்தில் நம்மைப் பிடித்துக்கொண்டார். பதிவேட்டில் மகளின் பிறந்த மாதம் தவறாக இருந்ததாம். பார்த்தவுடன் கண்டுபிடித்தது அம்மாதானாம். பிறப்புச் சான்றைக் கொண்டுவரச் சொல்லித் திருத்திவிட்டார்களாம்.

"எச்.எம். அம்மா நல்லாத்தான் பேசினாங்க ஹஜ்ரத். நாலு வருஷமா உங்க மக இங்க படிக்குது, கணக்குல முதல் மார்க்கு வாங்குது, உங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன்னாங்க" என்றார்.

கணக்கில் மகள் முதலாவதாக வருவது அவருக்கு அதுவரை தெரியாது. அதை நம்மிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு மூன்று மணிக்குக் கூட்டமாம், அவள் போகிறாள், நானும் போகலாமா என்று கேட்டார்.